குறுக்கெழுத்துக் கட்டத்தில் வந்த செய்தி

(நம் மூத்த குடியிருப்போர் மாதக் கூட்டத்தில், கிளப் ஹவுஸில் பேசியது. அன்று பலகையில் எழுதிக் காட்டிய குறிப்புகளை இங்கே வரிகளாகத் தந்திருக்கிறேன்.)

செயலாளர் என்னைப் பேசக் கூப்பிட்டபோது, "சார், ஃபிக்சட் டெபாசிட் வட்டி பற்றிப் பேசுங்க, கூட்டம் வரும்" என்றார். கூட்டம் வரும்தான். ஆனால் வேலையில் இருந்த காலம் முழுக்கக் கவுன்டருக்குப் பின்னால் உட்கார்ந்து அதையேதான் பேசினேன். இன்றைக்கு ஒரு நாள் விட்டுவிடுங்கள்.

நான் பேசப் போவது குறுக்கெழுத்து பற்றி. அதுவும் பொதுவாக இல்லை. 2013-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் இங்கிலாந்தில் 'தி கார்டியன்' என்ற நாளிதழில் வந்த ஒரே ஒரு குறுக்கெழுத்தைப் பற்றி. அதைப் புரிந்துகொள்ள முதலில் ஒரு சின்னப் பாடம் வேண்டும். பத்து நிமிடம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம்மில் பலருக்குக் குறுக்கெழுத்து என்றால் 'சேர நாட்டின் தலைநகரம்' என்று கேட்பார்கள், 'வஞ்சி' என்று எழுதுவோம். தெரிந்தால் தெரியும், தெரியாவிட்டால் தெரியாது. அது பொது அறிவு. 1913 டிசம்பர் 21-இல் 'நியூயார்க் வேர்ல்டு' பத்திரிகையில் ஆர்தர் வின் என்பவர் வெளியிட்ட முதல் புதிரும் அந்த மாதிரிதான். கேள்வி நேராக இருக்கும். அது பிரிட்டனுக்குப் போன பிறகுதான் வார்த்தை விளையாட்டு ஏறியது. அந்த வகையில் குறிப்பு ஒன்றைச் சொல்லும், உண்மையில் வேறொன்றைக் கேட்கும். நம் ஊரில் 'தி ஹிந்து' தினமும் போடுகிறதே, அந்த ஜாதி.

இதில் விதி ஒன்றுதான். ஒவ்வொரு குறிப்பிலும் இரண்டு பாகம் இருக்கும். ஒரு பாகம் விடையின் நேரடி அர்த்தம். இன்னொரு பாகம் அந்த விடையை எழுத்து எழுத்தாகக் கட்டும் வழி. அர்த்தம் குறிப்பின் முதலில் இருக்கும், அல்லது கடைசியில் இருக்கும். எங்கே ஒன்று முடிந்து மற்றது தொடங்குகிறது என்பதைக் காட்டாமல் ஒரே வாக்கியமாக ஒட்டியிருப்பார்கள். ஒட்டு எங்கே என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

தமிழில் ஒன்று எழுதுகிறேன். அடைப்புக்குள் இருப்பது எழுத்துகளின் எண்ணிக்கை. புள்ளி வைத்த எழுத்தும் ஓர் எழுத்துதான், அதற்கும் ஒரு கட்டம்.

கழனி முதலில் விதை போட்டால் புலவர் அறுவடை (3)

விவசாயம் என்று நினைத்தால் மாட்டிக்கொள்வீர்கள். 'கழனி முதலில்' என்றால் 'கழனி' என்ற சொல்லின் முதல் எழுத்து. அது 'க'. அதன் பக்கத்தில் 'விதை' போடுங்கள். கவிதை. புலவர் அறுவடை செய்வது அதுதானே. இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் வந்து சேர்கிறது. வங்கிக்காரன் பாஷையில் சொன்னால் டாலி ஆகிவிட்டது. யாரிடமும் போய் 'சரியா?' என்று கேட்க வேண்டியதில்லை.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஒரு காலத்தில் நம் நாட்டில் குறுக்கெழுத்துப் பரிசுப் போட்டிகள் சூதாட்டம் மாதிரி நடந்தன. ஒரு கட்டத்தில் 'கடல்' என்றும் போடலாம், 'உடல்' என்றும் போடலாம், இரண்டும் பொருந்தும். உறையில் எது இருக்கிறதோ அதுதான் சரி. 1955-இல் வந்த பரிசுப் போட்டிகள் சட்டத்தில் குறுக்கெழுத்தைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டு, மாதத்துக்கு 1,000 ரூபாய்க்கு மேல் பரிசு கூடாது என்று கட்டிப்போட்டார்கள். நான் சொல்லும் வகை அதற்கு நேர் எதிர். புதிர் அமைப்பவர் உங்களை எவ்வளவு வேண்டுமானாலும் திசை திருப்பலாம், ஆனால் ஏமாற்றக் கூடாது. விடை தெரிந்த பிறகு திரும்பிப் பார்த்தால், "அட, முழுக்கச் சொல்லித்தான் இருக்கிறார்" என்று நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த நம்பிக்கை இல்லாவிட்டால் இதில் ஒன்றுமே இல்லை.

இதெல்லாம் வெள்ளைக்காரன் சமாச்சாரம் என்று ஏ பிளாக் நண்பர் முகம் சுளிக்கிறார். பாம்புக்கும் எள்ளுக்கும் ஒரே பாட்டில் அர்த்தம் வரும்படி பாடிய காளமேகத்தின் ஊர்க்காரர்கள் நாம். சிலேடைக்கு நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

சரி, இப்போது நாலு குறிப்பு. பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள்.

குழம்பிய நகரம் பாவிகள் போய்ச் சேருமிடம் (4)

விருந்துக்கு மனைவி தலைமை ஏற்றால் வேளாவேளைக்குச் சாப்பிட வேண்டியது (4)

பெரிய மன்னனுக்குள்ளும் ஒளிந்திருக்கிறான் உயிர் பறிப்பவன் (3)

பாம்பு குடியிருந்தால் வீடு, உடம்பில் குடியிருந்தால் நோய் (3)

முதல் குறிப்பில் 'குழம்பிய' என்ற சொல்தான் சாவி. நகரம் என்ற நாலு எழுத்தையும் கலைத்துப் போடுங்கள். நரகம். டி பிளாக்கிலிருந்து ஒரு அம்மா உடனே சொல்லிவிட்டார். தினமும் பாலத்தைத் தாண்டி ஆபீஸ் போய் வந்தவராம், கலைக்கவே தேவைப்படவில்லை என்றார்.

இரண்டாவதில் விருந்தின் தலை, அதாவது 'வி', போய்விடுகிறது. அந்த இடத்துக்கு மனைவியின் தலையான 'ம' வருகிறது. மருந்து. இதற்கு மட்டும் என் வீட்டில் ஒப்புதல் வாங்கிக்கொண்டுதான் எழுதினேன்.

மூன்றாவது ஒளித்து வைக்கும் வகை. 'பெரிய மன்னன்' என்று எழுதி, நடுவில் இருக்கும் இடைவெளியை மறந்துவிட்டு வாசியுங்கள். ய, ம, ன். உள்ளேயே உட்கார்ந்திருக்கிறான். நாலாவது வெறும் இரட்டை அர்த்தம். எழுத்து விளையாட்டே கிடையாது. ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள். இங்கே கொஞ்ச நேரம் யாரும் வாய் திறக்கவில்லை. விடை தெரியாமல் இல்லை என்று நினைக்கிறேன். பிறகு பின்வரிசையிலிருந்து ஒருவர் மெதுவாகச் சொன்னார். புற்று.

இப்போது நாலு விடையையும் சேர்த்துப் பாருங்கள். நரகம், மருந்து, யமன், புற்று. தனித்தனியாகப் போட்டபோது ஒவ்வொன்றும் வேடிக்கையாக இருந்தது. சேர்ந்தபோது ஒரு பக்கமாகச் சாய்கிறது அல்லவா? இதற்குத்தான் கருப்பொருள் குறுக்கெழுத்து என்று பெயர். புதிர் அமைப்பவர் கட்டத்துக்குள் ஒரே விஷயத்தைச் சேர்ந்த சொற்களைப் பரப்பி வைப்பார். அது என்ன விஷயம் என்று சொல்ல மாட்டார். மூன்று நாலு விடை கிடைத்த பிறகு நமக்கே உறைக்கும். உறைத்த பிறகு மற்ற விடைகள் மளமளவென்று விழும். சில சமயம் ஒரு குறிப்பில் 'பார்க்க: 18' என்கிற மாதிரி இன்னொரு கட்டத்தின் எண்ணை மட்டும் கொடுத்திருப்பார்கள். பழைய லெட்ஜரில் ஃபோலியோ எண் போட்டிருக்கும், அந்தப் பக்கத்தைப் புரட்டினால்தான் இந்தப் பக்கம் புரியும், அந்த மாதிரி. 18 தெரியாதவரை அந்தக் குறிப்பை சஸ்பென்ஸ் அக்கவுண்டில் போட்டுவைக்க வேண்டியதுதான்.

இந்தக் கலையில் இங்கிலாந்தில் பலர் குருவாக நினைத்தவர் அரக்கேரியா என்ற புனைபெயரில் எழுதியவர். உண்மைப் பெயர் ஜான் கிரஹாம். 1921-இல் பிறந்தவர். ஆங்கிலேயத் திருச்சபையில் பாதிரியார். 1958 முதல் கார்டியனுக்குப் புதிர் அமைத்தார். 1970-இல் அந்தப் பத்திரிகை புதிர் அமைப்பவர்களுக்குப் பெயர் போட ஆரம்பித்தபோது இந்தப் பெயரை எடுத்துக்கொண்டார். அது ஒரு மரத்தின் தாவரவியல் பெயர். இலைகள் முள் முள்ளாக இருப்பதால், குரங்கே ஏறத் திகைக்கும் என்ற பொருளில் 'மங்கி பசில்' மரம் என்பார்கள். ஊட்டி தாவரவியல் பூங்காவில் பார்த்திருப்பீர்கள். இன்னொரு பத்திரிகையான 'ஃபைனான்ஷியல் டைம்ஸ்'ஸில் 'சினிஃபைல்' என்று பெயர் வைத்துக்கொண்டார். சினிமாப் பிரியர் என்று அர்த்தம். அந்த ஒன்பது ஆங்கில எழுத்தையும் கலைத்துப் போட்டால் 'சிலி பைன்' என்று வரும். அதே மரத்தின் இன்னொரு பெயர்! மனிதர் தன் பெயரைக்கூடச் சும்மா வைத்துக்கொள்ளவில்லை.

2013 ஜனவரி 11. அவருக்கு வயது 91. அன்றைய புதிரின் தலைப்பில் ஒரு முன்குறிப்பு இருந்தது. தமிழில் சொன்னால் இப்படி வரும்: அரக்கேரியாவுக்கு 19-இல் 18 வந்திருக்கிறது, அதற்கு 13, 15 மூலம் சிகிச்சை நடக்கிறது.

இங்கிலாந்தில் காலையில் ரயிலிலோ சமையலறையிலோ பத்திரிகையை மடித்து வைத்துக்கொண்டு பென்சில் எடுத்த ஒருவரை நினைத்துப் பாருங்கள். சிகிச்சை என்ற சொல் கண்ணில் படும். ஆனால் இந்த மனிதர் ஐம்பது வருஷமாக நம்மைத் திசை திருப்பிக்கொண்டிருப்பவர் ஆயிற்றே. ஏதோ குறும்பு என்றுதான் முதலில் தோன்றும். கட்டத்தில் ஒவ்வொன்றாக விழ ஆரம்பிக்கும். 'நர்ஸ்' என்று ஒரு விடை. 'மேக்மில்லன்' என்று ஒரு விடை. அந்தப் பெயரில் அவர்களுக்கு ஒரு பிரதமர் இருந்தார், ஒரு பதிப்பகமும் இருக்கிறது, அதனால் அது மட்டும் எதையும் காட்டாது. ஆனால் நர்ஸுக்குப் பக்கத்தில் வைத்தால்? புற்றுநோயாளிகளைக் கவனிக்கும் செவிலியர்களுக்கு அங்கே மேக்மில்லன் நர்ஸ் என்றே பெயர். அப்புறம் 'எண்டாஸ்கோபி'. அப்புறம் 'ஸ்டென்ட்'. 'சன்செட்' என்றும் ஒன்று, சூரிய அஸ்தமனம்.

18-ஆம் எண் ஆறு எழுத்து. அதற்கான குறிப்பு 'சைன் ஆஃப் குரோத்' என்ற மூன்று சொல். என்னை மாதிரி ஆள் படித்தால், வளர்ச்சியின் அறிகுறி, டெபாசிட் ஏறுகிறது என்று சந்தோஷப்படுவேன். ஆனால் ஆங்கிலத்தில் சைன் என்றால் ராசியும்கூட. குரோத் என்றால் உடம்பில் வளரும் கட்டியும்கூட. கடக ராசிக்கு ஆங்கிலப் பெயர் என்ன? கேன்சர். நம் 'புற்று' மாதிரியே வெறும் இரட்டை அர்த்தம்.

19, உணவுக்குழாய். 13-ம் 15-ம் சேர்ந்து 'பேலியேட்டிவ் கேர்'. நோயைக் குணமாக்க இனி முடியாது, வலியில்லாமல் வைத்துக்கொள்ளலாம் என்ற கட்டத்தில் தரும் தணிப்புச் சிகிச்சை.

இப்போது முன்குறிப்புக்குத் திரும்பி, எண்கள் இருந்த இடத்தில் சொற்களைப் போட்டு வாசித்துப் பாருங்கள். அவர் ஒரு வார்த்தையும் மறைக்கவில்லை. முதல் வரியிலேயே சொல்லிவிட்டார். நாம் வந்து சேரும் வரை காத்திருந்தார், அவ்வளவுதான்.

முந்தைய டிசம்பரிலேயே, அவர் தொடங்கிய ஒரு சிறு குறுக்கெழுத்து மாத இதழில் இது வந்திருந்தது. கார்டியனில் வந்த பிறகுதான் நாடு முழுக்கத் தெரிந்தது. கடிதங்களும் வாழ்த்து அட்டைகளும் வந்து குவிந்தன. இப்படிச் சொல்வதுதான் தனக்கு இயல்பாகத் தோன்றியது என்று அவர் பின்னர் சொன்னார். தொடர்ந்து புதிர் அமைத்துக்கொண்டிருந்தார். அந்த ஆண்டு நவம்பர் 26-இல், 92 வயதில் காலமானார்.

இதில் எனக்குப் பெரிதாகத் தெரிவது அவருடைய தைரியம் மட்டுமில்லை. அவர் தேர்ந்தெடுத்த வேகம். ஒரு செய்தியைப் போட்டு உடைத்தால் கேட்பவர் தாங்க மாட்டார். மறைத்தால் அது பொய். இந்தக் கட்டத்தில் ஒவ்வொருவரும் தன் தன் வேகத்தில் போய்ச் சேர்ந்தார்கள். நர்ஸ் என்ற இடத்திலேயே சிலருக்குப் புரிந்திருக்கும். சிலருக்குக் கடைசிக் கட்டத்தில்தான். பாதியில் பென்சிலைக் கீழே வைத்துவிடவும் உரிமை இருந்தது. அந்த விடையை அவர்களே தம் கையால் எழுதினார்கள், யாரும் அவர்களிடம் வந்து அறிவிக்கவில்லை.

நம் வீடுகளில் என்ன செய்கிறோம்? என் பெரியப்பா ஒருவர், மளிகை மண்டியில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர், எழுபது வயதில் படுத்தார். வயிற்றில் புற்று. டாக்டர் பிள்ளைகளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார், பிள்ளைகள் பெரியம்மாவிடம் சொன்னார்கள், தெருவுக்கே தெரிந்தது. பெரியப்பாவிடம் மட்டும் அல்சர் என்று சொல்லியிருந்தார்கள். நான் வேறு ஊர்க் கிளையில் வேலையாக இருந்தேன், பொங்கல் லீவில் பார்க்கப் போனேன். எல்லோரும் உள்ளே போன சமயம் பார்த்து அவர் கேட்டார்: "ஏன்டா, அல்சருக்கு எங்கேயாவது கரண்ட் வைப்பாங்களா?"

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவரும் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. வாரத்தில் ஐந்து நாள் கரண்ட், அந்த வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களின் தலையில் முடியில்லாதது, வெளிநாட்டிலிருந்து மூத்த மகன் திடீரென்று வந்தது, பெரியம்மா சாதத்தில் அளவில்லாமல் நெய் ஊற்றியது என்று விரல் விட்டு எண்ணிக் காட்டினார். முன்குறிப்பு கொடுக்காமலே மனிதர் புதிரைப் போட்டு முடித்திருந்தார். பிறகு, "எனக்குத் தெரியும்னு அவங்களுக்குத் தெரிய வேணாம். அழுவாங்க" என்றார்.

அவருக்குத் தெரியாது என்று அவர்கள் நடித்தார்கள். தெரியாதவர் மாதிரி அவர் நடித்தார். நாலு மாதம் அந்த வீட்டில் உண்மையான பேச்சே நடக்கவில்லை. பெரியம்மா அவரிடம் என்ன கேட்க நினைத்தார், அவர் என்ன சொல்ல நினைத்தார், எதுவும் வெளியே வரவில்லை. போன பிறகு பார்த்தால் இரண்டு டெபாசிட்டில் நாமினி பெயரே இல்லை. நாமினி என்ற பேச்சை எடுத்தால் விஷயம் வெளியாகிவிடும் என்று யாரும் எடுக்கவில்லை. பெரியம்மா வாரிசுச் சான்றிதழுக்குத் தாலுகா ஆபீஸ் படி ஏறி இறங்கினார். இது எங்கள் குடும்பத்துக்கு மட்டும் நடந்தது இல்லை. கவுன்டரில் இந்த மாதிரி எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன். "அவரிடம் கையெழுத்து கேட்க மனசு வரலை சார்" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்பார்கள்.

எல்லோரும் நோயைப் பத்திரிகையில் போட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தெரிந்துகொள்ள விரும்பாதவர்களும் உண்டு, அதுவும் அவர்கள் உரிமை. ஆனால் படுத்திருப்பவருக்கு ஒன்றும் புரியாது என்று வைத்துக்கொண்டு சுற்றி நின்று கண்ணால் பேசிக்கொள்கிறோமே, அது எனக்குச் சரியாகப் படவில்லை. அவர் ஏற்கெனவே பாதிக் கட்டத்தை நிரப்பியிருப்பார். "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று ஒரு குறிப்பு கொடுத்தால் மிச்சத்தை அவரே சொல்வார்.

கேள்வி நேரத்தில் வழக்கமான கேள்வி வந்தது: குறுக்கெழுத்து போட்டால் ஞாபக மறதி வராதா? அதை டாக்டரிடம் கேளுங்கள். எனக்குத் தெரிந்து அரை மணி நேரம் டிவி சீரியல் சத்தம் காதில் விழாது, அது நிச்சயம்.

இன்னொருவர், தமிழில் போடுவது ஆங்கிலத்தைவிடச் சுலபமா கடினமா என்று கேட்டார். அமைப்பவருக்குக் கடினம். ஆங்கிலத்தில் 26 எழுத்துக்குள் இரண்டு சொல் வெட்டிக்கொண்டால் போதும். நமக்கு 247. 'கு' வெட்டும் இடத்தில் 'கூ' வந்தால் ஒத்துவராது. ஆனால் போடுபவருக்கு அதுவே லாபம். வெட்டும் கட்டத்தில் ஓர் எழுத்து கிடைத்தாலே விடையில் பெரும்பகுதி தெரிந்துவிடும்.

லிஃப்டுக்குப் பக்கத்து நோட்டீஸ் போர்டில், பார்க்கிங் சுற்றறிக்கைக்குக் கீழே, ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு குறிப்பு ஒட்டுகிறேன் என்று செயலாளரிடம் ஒப்புக்கொண்டிருக்கிறேன். பேனா வேண்டாம், பென்சிலால் எழுதுங்கள், அடுத்தவருக்கும் வாய்ப்பு வேண்டும். வாட்ஸ்அப் குரூப்பில் விடையைப் போட்டு உடைக்காதீர்கள். முதல் குறிப்பு இதோ. விடை அடுத்த இதழில்.

அங்கத்துக்குச் சந்தா தலைமை ஏற்றால் மாதாமாதம் மெயின்டெனன்ஸ் கேட்பது (4)